எழுதச் சொன்ன சபையும் எழுதியவர்களும்



சமயமும் கலையும் என்ற பொருளில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை கொடுத்தார்கள். பக்தி இலக்கியத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் பேசப் போவது, அமெரிக்காவின் மேற்கே, மலைகளுக்கும் உப்பு ஏரிக்கும் நடுவில் போய்க் குடியேறிய, இன்னும் இருநூறு ஆண்டு நிறையாத ஒரு சமயத்தாரைப் பற்றி. மார்மன்கள். இந்தப் பெயரை விட்டுவிட்டுத் தங்கள் சபையின் முழுப்பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018-இலிருந்து அவர்களுடைய தலைமை கேட்டுக்கொண்டு வருகிறது. நான் பேசுவது பெரும்பாலும் பழைய கதை என்பதால் பழைய பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படைச் செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்ற சிற்றூரில், கிராண்டின் என்பவரின் அச்சகத்தில், 'மார்மன் புத்தகம்' 5,000 படிகள் அச்சாயிற்று. பொற்தகடுகளிலிருந்து தெய்வ உதவியால் மொழிபெயர்த்ததாக ஜோசஃப் ஸ்மித் சொன்ன நூல் அது. அச்சுக்கூலி 3,000 டாலர். மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்து அதற்குப் பொறுப்பேற்றார். புத்தகம் வந்து சில நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்றுதான் சபையே தொடங்குகிறது. அதை நிறுவிய ஸ்மித்துக்கு அப்போது வயது 24. புத்தகம் முந்தி, சபை பிந்தி. அச்சகக் கணக்கோடு பிறந்த சமயம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த நூலின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தாலும் இதே கதைதான். ஒரு மக்களின் வரலாற்றைத் தகடுகளில் பொறிக்கிறார்கள். தந்தை மகனிடம் ஒப்படைக்கிறார். மகன் தொடர்கிறான். கடைசியில், இனமே அழியும் தறுவாயில், ஒருவர் எல்லாவற்றையும் சுருக்கித் தொகுக்கிறார். அந்தத் தொகுப்பாசிரியரின் பெயர்தான் மார்மன். சபை தொடங்கிய அதே நாளில் வந்ததாக அவர்கள் நம்பும் இறைவாக்கும், உங்களுக்குள் ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்ற கட்டளையோடுதான் தொடங்குகிறது. வழிபாட்டு முறையை வகுப்பதற்கு முன்பே எழுத்தரை நியமித்த சமயங்கள் உலகில் அதிகம் இருக்காது.

நான் இன்று சொல்ல வந்தது இந்தக் கட்டளையைப் பற்றி. மார்மன் வாழ்வில் கலைக்கும் எழுத்துக்கும் உள்ள மதிப்பு அழகியலிலிருந்து வந்ததில்லை, பதிவு செய்யும் கடமையிலிருந்து வந்தது. அந்தக் கடமையை, ஏவிய தலைமை எதிர்பார்த்ததற்கு மேலாகவும் சில சமயம் அது விரும்பாத இடத்திலும் நிறைவேற்றியவர்கள்தான் அவர்களுடைய சிறந்த கலைஞர்கள்.

வில்லியம் கிளேட்டன் என்ற ஒருவரிடமிருந்து தொடங்குவோம். இங்கிலாந்துக்காரர். ஸ்மித்துக்கு எழுத்தராக இருந்தவர். 1844 ஜூனில் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித் கும்பலால் கொல்லப்பட்டார். பிறகு அவர்களுடைய நாவூ நகரில் இருக்க முடியாத நிலை. 1846 பிப்ரவரியில், ஆறு உறைந்து கிடந்த குளிரில், பிரிகாம் யங் தலைமையில் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே புறப்பட்டார்கள். கிளேட்டன் தம் மனைவியரில் ஒருவரான டயாந்தாவைக் கர்ப்பிணியாக நாவூவில் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஏப்ரல் 15 அன்று, அயோவாவின் சேற்றில் வண்டிகள் புதைந்து நின்ற ஓர் ஓடைக்கரை முகாமில், ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்து சேர்ந்தது. அன்றே, வழக்கத்திலிருந்த ஒரு மெட்டுக்கு அவர் எழுதிய பாட்டைத்தான் இன்றுவரை மார்மன்கள் தங்கள் இடப்பெயர்வின் பாட்டாகப் பாடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு அதே கிளேட்டன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வண்டிச் சக்கரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை மைல் போகிறோம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. இவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சக்கரத்தின் சுற்றளவை அளந்தார். 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்கு ஒரு மைல். ஆரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, அது மேலே வரும்போதெல்லாம் எண்ணினார். 1847 மே 8 அன்று 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலுக்கு இருபது சுற்று கூடுதல் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நாள் முழுக்கச் சக்கரத்தையே பார்த்து நடந்தால் பைத்தியம் பிடிக்காதா? நல்லவேளையாகச் சில நாளில், உடன் வந்த ஆர்சன் பிராட் கணக்குப் போட்டுக்கொடுக்க, ஆப்பிள்டன் ஹார்மன் என்ற தச்சர் மரப்பற்சக்கரங்களால் ஒரு தூரமானியைச் செய்துகொடுத்தார். அந்த அளவுகளை வைத்து 1848-இல் கிளேட்டன் வெளியிட்ட பயண வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் பலர் அந்தப் பாதையைக் கடந்தார்கள்.

பாட்டு எழுதிய கையும் சக்கரத்தை எண்ணிய கையும் ஒன்றே. அந்தப் பாட்டை இலக்கியம் என்றும் இந்தக் கணக்கைக் குறிப்பு என்றும் நாம் பிரித்து வைப்போம். அவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை. சபையின் இரகசிய ஆட்சிக்குழுவான ஐம்பதின்மர் அவைக்கும் கிளேட்டன்தான் எழுத்தர். அவர் எடுத்த கூட்டக் குறிப்புகளைச் சபை நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து 2016-இல்தான் அச்சிட்டது. எழுதச் சொல்லும், எழுதியதைப் பூட்டியும் வைக்கும். இந்த இரட்டைக் குணம் நமக்குப் பின்னாலும் வரும்.

இசையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சபை தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே பாடல்களைத் தொகுக்கும் பணி ஸ்மித்தின் மனைவி எம்மாவுக்குத் தரப்பட்டது. சால்ட் லேக் சிட்டியின் புகழ்பெற்ற பாடற்குழு 1929 ஜூலையில் தொடங்கிய வாராந்தர வானொலி நிகழ்ச்சி இன்றும் ஓடுகிறது. பாடுகிற முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் எவருக்கும் சம்பளம் கிடையாது. சபைக்கு மிக எளிதாக ஒத்துப்போன கலை இசைதான். காரணம் வெளிப்படை. சேர்ந்து பாடுகிறவர்களில் யாரும் தனியாக முரண்படுவதில்லை.

ஓவியம் அப்படியில்லை. கார்ல் கிறிஸ்டென்சென் கோப்பன்ஹேகனில் அரச கலைக்கழகத்தில் படித்த டென்மார்க்காரர். மதம் மாறி, புதுமனைவியோடு 1857-இல் கைவண்டி தள்ளிக்கொண்டே சமவெளிகளைக் கடந்து யூட்டா வந்தவர். எஃப்ரெய்ம் என்ற ஊரில் விவசாயம் பார்த்தார். பிறகு, எட்டடி உயரமும் பத்தடி அகலமுமாகப் பெரிய துணிகளில் சபையின் வரலாற்றை 23 காட்சிகளாகத் தீட்டினார். ஸ்மித்தின் தரிசனம், வீடுகள் எரிக்கப்பட்டது, சிறையில் நடந்த கொலை, உறைந்த ஆற்றைக் கடந்தது, இப்படி. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தைத்து ஒரு நீண்ட கம்பில் சுருட்டி, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு காட்சியாக விரித்து, அவரே கதை சொன்னார். நம் தோல்பாவைக்கூத்துக்காரர் ஊர் வந்து இறங்குவது போலத்தான். யூட்டா, ஐடஹோ, அரிசோனா, வயோமிங் என்று மார்மன் குடியிருப்புகளைச் சுற்றி வந்தது அந்தச் சுருள். அவருக்குப் பிறகு சுருட்டியபடியே மறக்கப்பட்டுக் கிடந்து, 1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர் வரைக்கும் போயிற்று. மிஞ்சிய 22 படங்களும் இப்போது பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

நான் அந்தப் படங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். உருவங்கள் விறைப்பாக நிற்கின்றன, முகங்கள் சிறுத்திருக்கின்றன. ஆனால் குளிர் தெரிகிறது. எந்த வண்டியில் என்ன சாமான் ஏறியிருந்தது என்பது தெரிகிறது. தான் அனுபவித்த பாதையைத் தீட்டிய ஆள் என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான முயற்சி 1890-இல் நடந்தது. சால்ட் லேக் ஆலயம் கட்டத் தொடங்கி நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. உள்சுவர்களில் ஓவியம் வேண்டும், தீட்டத் தேர்ச்சியுள்ளவர்கள் வேண்டும். ஜான் ஹேஃபென், லோரஸ் பிராட், ஜான் ஃபேர்பேங்க்ஸ் ஆகிய மூவரை, மதம் பரப்பும் ஊழியர்களை அனுப்புவது போலவே தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, பாரிசில் ஓவியம் படிக்க அனுப்பினார்கள். பிறகு வேறு சிலரும் போய்ச் சேர்ந்தார்கள். பலதார மணத்தை முன்னிட்டு அமெரிக்க அரசு சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அந்த மணமுறையைக் கைவிடுவதாக அறிவிப்பே வந்தது. அந்த நெருக்கடியிலும் ஓவியம் படிக்கப் பணம் ஒதுக்கிய தலைமையை வணங்கத்தான் தோன்றுகிறது. ஆனால் 1893 ஏப்ரலில் ஆலயம் திறந்த பிறகு அந்த ஓவியர்களை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹேஃபென் பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு வறுமையில் உழன்று 1910-இல் இறந்தார். அவர் ஸ்பிரிங்வில் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்த ஒரு மலையோடை ஓவியத்திலிருந்துதான் யூட்டாவின் முதல் கலைக்கூடம் வளர்ந்தது.

இனி மினர்வா டைக்கர்ட். இவரிடம் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். 1888-இல் பிறந்து ஐடஹோவின் பண்ணையில் வளர்ந்த பெண். சிகாகோவில் படித்தார். நியூயார்க்கில் ராபர்ட் ஹென்ரியிடம் படித்தார். அந்தக் காலத்து அமெரிக்க ஓவியத்தில் ஹென்ரி பெரிய ஆசான். செலவுக்குப் பணம் வேண்டி மருத்துவப் பள்ளிக்குப் பிணங்களை வரைந்து கொடுத்திருக்கிறார் மினர்வா. மேடையில் கயிறு சுழற்றும் வித்தை காட்டியிருக்கிறார். உன் மக்களின் பெருங்கதையை யாராவது தீட்டியிருக்கிறார்களா என்று ஹென்ரி கேட்டார், அந்தக் கேள்வியே தனக்கு ஆணையாயிற்று என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. ஊர் திரும்பினார். மாடு மேய்க்கும் ஹெர்மனை மணந்தார். வயோமிங்கின் கோக்வில் என்ற ஊரில் பால்பண்ணை. ஐந்து குழந்தைகள்.

அவருடைய ஓவியக்கூடம் வீட்டு முன்னறைதான். குறுகிய அறை. தீட்டுவதோ சுவரளவு படங்கள். துணியை மடித்துச் சுவரில் அடித்து, ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த மடிப்பைப் பிரிப்பார். பின்னால் தள்ளி நின்று பார்க்க இடமில்லை. அதனால் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, சிறிதாகக் காட்டும் பக்கமாகப் பார்த்து, முழுப் படமும் எப்படி அமைந்திருக்கிறது என்று கணிப்பார். சமையலும் பண்ணை வேலையும் நடுநடுவே ஓடும். பணத்துக்குப் பதில் படம் கொடுத்து, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கும் உறவுப் பிள்ளைகளுக்கும் கல்விக்கட்டணம் கட்டினார். 1947-இல் மேன்டை ஆலயத்தில் சுவரோவியம் தீட்டும் வாய்ப்பு வந்தது. ஆலயச் சுவரோவியம் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது அதுவே முதல் முறை. மற்ற ஆலயங்களில் 'உலக அறை'யில் காட்டு விலங்குகளும் பாறைகளும் இருக்கும். இவர் மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாபேல் கோபுரத்தில் தொடங்கி, இனங்களும் பேரரசுகளும் ஊர்வலமாக வருகின்றன.

அதற்குப் பிறகு மார்மன் புத்தகக் காட்சிகளை நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றைச் சபை வெளியீடுகள் ஏற்கவில்லை. அதே சமயத்தில் ஆர்னல்ட் ஃப்ரைபெர்க் என்ற ஓவியரிடம் பன்னிரண்டு படம் கேட்டு வாங்கினார்கள். திரைப்படச் சுவரொட்டி போல முறுக்கேறிய தோள்களோடு ஆண்கள். அந்தப் படங்கள்தான் இலட்சக்கணக்கான பிரதிகளில் போய், மூன்று தலைமுறைக்கு அந்த நூலின் முகமாயின. மினர்வாவின் படங்களில் பெண்கள் நடுவில் நிற்கிறார்கள், குழந்தையைத் தூக்குகிறார்கள், ஓடுகிறார்கள். 1969-இல் அத்தனையையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். என் கணிப்பில், ஃப்ரைபெர்கின் படங்களில் நூலின் வீரம் இருக்கிறது. நூலில் பெயரில்லாமல் போனவர்களை நினைவில் வைத்திருப்பது மினர்வாவின் படங்கள்.

2021 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆலயச் சடங்குகளை இனி எங்கும் திரைப்படம் வழியாகவே நடத்தப் போவதால், சால்ட் லேக், மேன்டை ஆலயங்களின் சுவரோவியங்கள் எடுக்கப்படும் என்று. சால்ட் லேக்கில் அப்போதே வேலை முடிந்துவிட்டது. பாரிசுக்கு ஆசீர்வதித்து அனுப்பிக் கொண்டுவந்த மரபு, புகைப்படங்களாக ஆவணக்காப்பகத்துக்குள் போயிற்று. மேன்டையில் மட்டும் மக்கள் பேசினார்கள். விசுவாசிகள்தான், வெளியார் இல்லை. மே மாதமே தலைமை முடிவை மாற்றிக்கொண்டு, பக்கத்து எஃப்ரெய்மில் புதிதாக ஓர் ஆலயம் கட்டி, மேன்டையின் ஓவியங்களை அப்படியே விடுவதாக அறிவித்தது. இதற்கு ஓராண்டு முன்புதான், தொழுகைக் கூடங்களின் முகப்பறையில் கிறிஸ்துவின் படங்கள் மட்டுமே இருக்கலாம், அவையும் ஏற்கப்பட்ட 22 ஓவியங்களிலிருந்துதான் என்று சுற்றறிக்கை போயிருந்தது. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ள உலகச் சபைக்கு ஒரே மாதிரியான முகப்பு வேண்டியிருக்கிறது என்பது புரிகிறது. ஓர் ஓவியரின் பார்வையில் நின்று பார்த்தால் 22 என்பது மிகச் சிறிய எண்.

எழுத்துக்கு வருவோம். 1888-இல் ஆர்சன் விட்னி என்பவர் ஓர் உரையில், நமக்கென்று மில்டன்களும் ஷேக்ஸ்பியர்களும் வருவார்கள் என்று அறைகூவினார். அதைப் பிடித்துக்கொண்டு சபையின் பத்திரிகைகள் நல்லொழுக்கக் கதைகளாகப் பெய்து தள்ளின. நல்லவன் வாழ்வான், புகையிலை பிடித்தவன் திருந்துவான் வகை. ஷேக்ஸ்பியருக்காகக் காத்திருந்த வேளையில், அவர்களுடைய அசல் இலக்கியம் வீட்டுப் பெட்டிகளில் நாட்குறிப்பாகக் குவிந்துகொண்டிருந்தது. வில்ஃபர்ட் உட்ரஃப் என்ற சபைத் தலைவர் அறுபது ஆண்டுக்கு மேல் நாள்தோறும் எழுதினார். பிரசவம் பார்த்த பெண்களும், இரண்டாம் மூன்றாம் மனைவியாக வாழ்ந்த பெண்களும் எழுதினார்கள். 1872-இலிருந்து பெண்களே நடத்திய ஒரு பத்திரிகையும் இருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. மோரின் விப்பிளின் 1941 நாவல் 'ராட்சத யோசுவா' இந்த மண்ணில் முளைத்ததுதான். சொந்த ஊரே அதற்காக அவரை மன்னிக்கவில்லை. அடுத்த பாகங்களை அவர் முடிக்கவேயில்லை.

எழுதும் கடமை எவ்வளவு கனமானது என்பதற்கு இன்னொரு புத்தகம். டெர்ரி டெம்பெஸ்ட் வில்லியம்ஸ் யூட்டாவின் முக்கியமான எழுத்தாளர். அவருடைய தாய் இறப்பதற்குச் சில நாள் முன்பு, என் நாட்குறிப்புகளை எல்லாம் உனக்கு விட்டுப்போகிறேன், நான் போன பிறகுதான் திறக்க வேண்டும் என்று சொன்னார். மூன்று தட்டு நிறைய, அழகான துணி அட்டை போட்ட நாட்குறிப்புகள். மகள் திறந்தார். முதலாவது வெற்றுத்தாள். இரண்டாவதும் வெற்றுத்தாள். அத்தனையும் வெற்றுத்தாள். மகள் 2012-இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மார்மன் பெண் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத ஓர் ஊரில் இந்த வெற்றுத்தாளுக்கு எந்தப் பொருளும் இருந்திருக்காது. அந்தத் தாய் ஆண்டுதோறும் கடைக்குப் போய் அவற்றை வாங்கியிருக்கிறார், அடுக்கியிருக்கிறார். எதிர்ப்பா, அலுப்பா, விளையாட்டா என்று மகளாலேயே முடிவுகட்ட முடியவில்லை. நான் எங்கே முடிவுகட்டுவது?

கடைசியாக ஹுவானிட்டா புரூக்ஸ். 1857 செப்டம்பர் 11 அன்று, தெற்கு யூட்டாவின் மௌன்டன் மெடோஸ் புல்வெளியில், ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கூட்டத்தார் சுமார் 120 பேரை மார்மன் குடிப்படையினர் வெள்ளைக்கொடி காட்டி நம்பவைத்து, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, கொன்றார்கள். உடன் சில பழங்குடியினரும் இருந்தார்கள். தப்பியவை 17 சிறு குழந்தைகள். தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ என்ற ஒரே ஒருவர். அவரை 1877-இல் அதே இடத்தில் சுட்டார்கள். மற்றவர்களில் பலர் ஊர்களில் பெரியவர்களாக வாழ்ந்து முடித்தார்கள். யாரும் பேசவில்லை.

ஹுவானிட்டா அந்தப் பக்கத்துப் பெண். இளம் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, நீஃபை ஜான்சன் என்ற முதியவர் வந்து, தன் கண் பார்த்ததைத் தன் நா இதுவரை சொன்னதில்லை, சாவதற்குள் எழுதி வைக்க வேண்டும், நீ எழுதித்தா என்று கேட்டார். பள்ளி வேலை. பிறகு வருகிறேன் என்று விட்டுவிட்டார் ஹுவானிட்டா. ஜான்சன் சாகக் கிடக்கிறார் என்று தெரிந்து ஓடிப் போனபோது நினைவு தப்பிவிட்டது. பிதற்றலுக்கு நடுவே, இரத்தம், இரத்தம் என்று கத்தினார். அந்தப் புல்வெளியில் அவரும் இருந்தார் என்பதே பிறகுதான் ஹுவானிட்டாவுக்குத் தெரிந்தது.

ஹுவானிட்டாவின் முதல் கணவர் இளவயதிலேயே புற்றுநோயில் இறந்தார். இரண்டாம் திருமணத்துக்குப் பின் வீடு நிறையப் பிள்ளைகள். 1930-களின் பொருளாதார மந்தத்தில், அரசின் நிவாரண வேலைத்திட்டப் பணத்தில், ஊர்ப் பெண்களைக் கூட்டி வீடு வீடாகப் பழைய நாட்குறிப்புகளை வாங்கிப் படியெடுக்க வைத்தார். அந்தக் குவியலிலிருந்துதான் படுகொலையைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குச் சான்றுகள் வந்தன. எழுதும்போது, பக்கத்திலேயே இஸ்திரி போட வேண்டிய துணிக்கூடை இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் டைப்ரைட்டர் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். குடும்பத்துப் பெண் பகலில் உட்கார்ந்து டைப் அடித்தால் ஊர் பேசுமே! நூலை 1950-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்டது. நான்காண்டு முன்பு ஃபான் புரோடி என்பவர், ஜோசஃப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்குச் சபைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். ஹுவானிட்டாவை நீக்கவில்லை. அவரும் விலகவில்லை. ஊரில் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் சிற்றூரில் அதுவே பெரிய தண்டனை.

1961-இல் சபை லீயின் உறுப்பினர் தகுதியைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தது. அப்போது ஹுவானிட்டா லீயின் வரலாற்றை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியை வெளியிட வேண்டாம் என்று தலைமை கேட்டுக்கொண்டது. அவர் வெளியிட்டார். வரலாற்றில் சேர வேண்டிய ஒரு வரியை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. பதிவேடு வை என்று சொன்ன சபை அது, அவர் வைத்தார்.

முதல் நூலின் முன்னுரையில் அவர் ஒரு குறையைச் சொல்லியிருக்கிறார். டேவிட் மாரிஸ் என்ற நீதிபதி, படுகொலையில் பங்கெடுத்தவர்களிடம் வாங்கி வைத்திருந்த வாக்குமூலங்கள் சால்ட் லேக் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பார்க்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். 2007-இல், 150-ஆம் ஆண்டு நினைவுநாளில், சபையின் மூத்த தலைவர் ஒருவர் அந்த இடத்திலேயே வருத்தம் தெரிவித்தார். 2008-இல் சபையோடு தொடர்புள்ள மூன்று வரலாற்றாசிரியர்கள் எல்லா ஆவணங்களையும் திறந்து பார்த்து எழுதிய நூல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. ஹுவானிட்டா அதற்கு 19 ஆண்டு முன்பே இறந்துவிட்டார். அவர் கேட்டுக் கிடைக்காத மாரிஸின் தாள்களை 2009-இல் ஒரு தொகுதியில் அச்சிட்டிருக்கிறார்கள். விலை கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம்.